‘உடன்’ என்னும் உருபும் மருந்தால் வந்த நீரிழிவும்: மருத்துவக் குறியீட்டில் ஒரு வேற்றுமைச் சிக்கல்

தமிழில் மருத்துவக் கலைச்சொல்லாக்கம் குறித்து இதுவரை வெளிவந்த ஆய்வுகளுள் நான் படித்தவை பெரும்பாலும் பெயர்ச்சொற்களைச் சுற்றியே அமைந்துள்ளன. நீரிழிவு என்பதா, சர்க்கரை நோய் என்பதா, மதுமேகம் என்பதா. ரெட்டினாவுக்கு விழித்திரை பொருந்துமா. ஸ்டீராய்டை ஒலிபெயர்ப்பதா, மொழிபெயர்ப்பதா என்றவாறு அவ்விவாதங்கள் செல்கின்றன. அவை பயனற்றவை என்று சொல்ல வரவில்லை. ஆனால் மருத்துவம் பெயர்களால் மட்டும் எழுதப்படுவதன்று. ஒரு நோய் மற்றொரு நோயால் வந்தது, மற்றொன்றோடு சேர்ந்து வந்தது, ஒரு மருந்தை உண்டதனால் வந்தது என்று உறவுகளைச் சொல்லாமல் எந்த நோய்க்குறிப்பும் நிறைவு பெறாது. அவ்வுறவுகளைச் சுமப்பவை வேற்றுமை உருபுகளும் இடைச்சொற்களும் ஆகும். அவற்றை நம் துறை மருத்துவத் தமிழின் சிக்கலாகக் கருதவில்லை. கருத வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அதற்குச் சான்றாக ஒரே ஒரு குறியீட்டுப் பிரிவை, மருந்தால் விளைந்த நீரிழிவையும் அதனைச் சார்ந்த கண் நோய்களையும் குறிக்கும் பிரிவை, எடுத்துக்கொள்கிறேன்.

இப்பொருளுக்கு நான் வந்தது நூலகத்தின் வழியாக அன்று. விடுதியில் என் அறையில் தங்கியிருந்தவள் உயிர்வேதியியல் பட்டதாரி. ‘மெடிக்கல் கோடிங்’ எனப்படும் மருத்துவக் குறியீட்டுப் பணிக்கான சான்றிதழ்த் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளர் பதிவேடுகளைப் படித்து, அவற்றிலுள்ள நோய்களையும் சிகிச்சைகளையும் குறியீடுகளாக மாற்றித் தரும் பணி அது. காப்பீட்டு நிறுவனம் அக்குறியீட்டைப் பார்த்தே பணம் தருகிறது. சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் ஆயிரக்கணக்கான இளம்பட்டதாரிகள் இப்பணியில் உள்ளனர். ஒருநாள் இரவு அவள் கேட்டாள்: “அக்கா, ‘வித்’துக்குத் தமிழ்ல என்ன சொல்வீங்க?” “உடன்” என்றேன். “‘டியூ டு’வுக்கு?” “ஆல்.” “எங்க புத்தகத்துல ரெண்டும் ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டுத் தாளைப் புரட்டினாள். அன்று எனக்கு அது விளையாட்டாகத் தோன்றியது. வேற்றுமையியலை மீண்டும் பாடம் சொல்ல நேர்ந்தபோதுதான் அவள் சொன்னதன் கனம் விளங்கிற்று.

குறியீட்டின் அமைப்பை முதலில் விளக்க வேண்டும். அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது, உலக நலவாழ்வு அமைப்பின் பத்தாம் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் மருத்துவப் பயன்பாட்டுத் திருத்தமாகும். அதில் நீரிழிவு ஐந்து வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. உரோமன் எழுத்தை ஒலியால் எழுதினால் ஈ08 என்பது வேறொரு நோயால் வந்த நீரிழிவு, ஈ09 மருந்தால் அல்லது வேதிப்பொருளால் வந்தது, ஈ10 முதல் வகை, ஈ11 இரண்டாம் வகை, ஈ13 பிற. ஈ12 இல்லை. உலக அமைப்பின் மூல வகைப்பாட்டில் ஈ12 உண்டு. அது ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவு. மூலத்தில் ஈ09 இல்லை. திருத்தத்தில் ஈ12 இல்லை. மருந்து மிகுந்த நாடு தனக்கு வேண்டிய எண்ணைச் சேர்த்துக்கொண்டு, உணவு குறைந்த நாடுகளின் எண்ணை விட்டுவிட்டது என்று இதனை வாசிப்பது சற்று மிகையாகலாம். ஆயினும் பாடவேறுபாடுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தப்பாது.

ஈ09.3413 என்பதை எடுத்துக்கொள்வோம். முதல் மூன்று இடங்கள் மருந்தால் வந்த நீரிழிவைக் குறிக்கின்றன. புள்ளிக்குப் பின் வரும் 3 கண்சார்ந்த சிக்கல். அடுத்த 4, புதிய குருதிக்குழாய்கள் முளைக்காத நிலையிலுள்ள விழித்திரை நோய் கடுமையாக இருப்பதைக் காட்டுகிறது. இங்கே 2 இருந்தால் அது மிதமானதற்கும் முந்திய இலேசான நிலை, 3 இருந்தால் இடைநிலை, 5 இருந்தால் புதுக்குழாய்கள் முளைத்த நிலை. அதன்பின் வரும் 1, விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவில் வீக்கம் உண்டு என்கிறது. வீக்கம் இல்லையெனில் 9. இறுதி எண் பக்கத்தைச் சொல்கிறது: 1 வலக்கண், 2 இடக்கண், 3 இரு கண்கள், 9 எக்கண் எனக் குறிக்கப்படாதது. இந்த ஏழாம் இடம் 2016 அக்டோபரில்தான் சேர்க்கப்பட்டது. ஒட்டுநிலை மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்க்கு இவ்வமைப்பு அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. பகுதி முதலில் நிற்க, விகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு பொருளைக் குறுக்குகின்றன.

இத்துடன் மருந்தைக் காட்டும் தனிக்குறியீடு ஒன்றும் சேர வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையால் நீரிழிவு வந்திருந்தால் டி38.0எக்ஸ்5ஏ. இதில் எக்ஸுக்குப் பொருள் கிடையாது. பின்வரும் எழுத்து தன் இடத்தில் நிற்பதற்காக வெற்றிடத்தை நிரப்புகிறது, அவ்வளவே. பொருளின்றி அசைத்து நிற்பதற்கு ஓர் இலக்கணப் பெயர் வைத்த மரபில் வந்தவள் என்பதால் இந்த எக்ஸின்மீது எனக்குத் தனிப்பரிவு உண்டு.

இனிச் சிக்கலுக்கு வருவோம். மேற்கண்ட குறியீட்டின் ஆங்கிலத் தலைப்பு, மருந்தால் வந்த நீரிழிவு என்று தொடங்கி, கடுமையான விழித்திரை நோய் ‘உடன்’, மாக்குலா வீக்கம் ‘உடன்’ என்று செல்கிறது. அச்சொல்லை எப்படிப் பொருள்கொள்ள வேண்டும் என்பதை அத்திருத்தத்தின் வழிகாட்டுநெறிகள் தம் முதற்பகுதியிலேயே வரையறுக்கின்றன. தலைப்பிலோ அகரநிரலிலோ இரு நோய்கள் ‘உடன்’ என்பதால் இணைக்கப்பட்டிருந்தால், அவற்றுக்கிடையே காரண காரிய உறவு இருப்பதாகவே கொள்ள வேண்டும். மருத்துவர் அவ்வுறவை எழுதியிருக்க வேண்டிய தேவையில்லை. அவ்விரண்டும் தொடர்பற்றவை என்று அவர் தெளிவாக எழுதியிருந்தால் இக்கொள்கை விலகும். அதாவது, ஒரு நோயாளிக்கு நீரிழிவு உண்டு, கண்புரையும் உண்டு என்று மருத்துவர் இரண்டு தனிவரிகளாக எழுதினாலும், குறியீட்டில் அது நீரிழிவால் வந்த கண்புரை ஆகிவிடும். உடனிகழ்ச்சி ஏதுவாகிறது. என் அறைத்தோழி சொன்னது இதைத்தான்.

இதனைக் கேட்டவுடன் அந்நியமான விதி என்று ஒதுக்கத் தோன்றும். நம் இலக்கணத்தைப் பார்த்தால் அவ்வளவு எளிதாக ஒதுக்க இயலாது. தொல்காப்பியர் மூன்றாம் வேற்றுமைக்கு ஒடு என்றே பெயரிடுகிறார். அதற்கு வினைமுதலையும் கருவியையும் பொருளாகச் சொல்லி, விரிக்கும்போது ஒன்றோடொன்று மயங்குதல், இயைந்து ஒருவினை கொள்ளுதல், இயைந்தும் வேறுவினை கொள்ளுதல், ஏது எனப் பலவற்றை அதே வேற்றுமையின்கீழ் வைக்கிறார். நன்னூலும் ஆல், ஆன், ஓடு, ஒடு ஆகியவற்றை ஒரே வேற்றுமையின் உருபுகளாக்கிக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி மூன்றையும் அவற்றின் பொருளாக்குகிறது. சேர்ந்து வருவதும் காரணமாக இருப்பதும் ஒரே வேற்றுமைக்குள் இருக்கக்கூடும் என்பதைத் தமிழிலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே கண்டுகொண்டது. ‘வித்’ என்னும் சொல்லுக்குள் ‘டியூ டு’ ஒளிந்திருப்பதில் நமக்கு வியப்பிருக்கக் காரணமில்லை.

ஆனால் வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. தொல்காப்பியர் ஓருருபின்கீழ் வைத்தவற்றைப் பொருளால் பிரித்தே வைத்தார். ‘ஆசிரியரோடு மாணவர் வந்தார்’ என்பதில் வருதல் இருவர்க்கும் உரியது, ஒருவினை. ‘குடையோடு வந்தார்’ என்பதில் குடை தானாக வரவில்லை, வேறுவினை. எது எவ்விடத்துப் பொருந்தும் என்பதைத் தொடரும் இடமும் முடிவு செய்கின்றன. படிப்பவர் ஆராய்ந்து கொள்கிறார். குறியீட்டு நெறியோ ஆராய்ச்சிக்கு இடமின்றி ஒரு பொருளை முன்னமே தேர்ந்துவிடுகிறது. கணக்கெடுப்பில் சீர்மை வேண்டும், ஒரே பதிவேட்டைப் படிக்கும் இரு குறியீட்டாளர்கள் ஒரே எண்ணைத் தர வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்நோக்கத்தை நான் மறுக்கவில்லை. குறியீட்டாளர் நோயை அறுதியிடும் உரிமை பெற்றவர் அல்லர். ஐயம் இருந்தால் மருத்துவரைக் கேட்க வேண்டும், மூலத்தில் இல்லாததைச் சேர்க்கக்கூடாது. இவ்வொழுக்கம் பதிப்பாசிரியரின் ஒழுக்கத்தை ஒத்தது. அப்படிப்பட்ட பணியில், மூலத்தில் இல்லாத ஓர் ‘ஆல்’ விதியின் பெயரால் நுழைகிறது என்பதைத்தான் சுட்ட விரும்புகிறேன்.

மருந்தால் வந்த நீரிழிவில் இது ஏன் கூடுதலாக உறுத்துகிறது? இரண்டாம் வகை நீரிழிவில் ‘நீரிழிவோடு கண்புரை’ என்றால் ஐயத்துக்குரியவை இரண்டே: நீரிழிவு கண்புரைக்கு ஏதுவா, அன்றா? ஈ09இல் மூன்றாவதாக மருந்து வந்து நிற்கிறது. ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உட்கொள்வது நீரிழிவை உண்டாக்கக்கூடும். அதே மருந்து, நீரிழிவின் துணை இல்லாமலேயே, கண்வில்லையின் பின்னுறையை ஒட்டிப் புரையை உண்டாக்கக்கூடும். கண்ணின் உள்ளழுத்தத்தையும் உயர்த்தக்கூடும். ஆகவே ஸ்டீராய்டு உண்டு நீரிழிவும் கண்புரையும் பெற்ற ஒருவருக்கு வழிகள் இரண்டு. மருந்து நீரிழிவைத் தர, நீரிழிவு புரையைத் தந்தது. அல்லது மருந்தே இரண்டையும் தனித்தனியே தந்தது. முதல் வழிக்கு ஈ09.36 என்னும் குறியீடு உண்டு. இரண்டாம் வழிக்கு, மருந்தால் வந்த கண்புரைக்கெனத் தனியே எச்26.3 என்னும் பிரிவு உண்டு. இரு கண்களிலும் என்றால் எச்26.33. மருத்துவர் காரணத்தை எழுதியிருந்தால் இரண்டாம் வழி திறக்கும். எழுதாவிட்டால் ‘உடன்’ முதல் வழிக்கே இட்டுச் செல்லும். மருந்தின் பெயர் டி38.0இல் ஓர் ஓரமாக நிற்குமே தவிர, கண்ணைக் கெடுத்தது அதுதான் என்று எந்த எண்ணும் சொல்லாது.

இது ஏட்டுச்சிக்கல் என்று நினைப்பவர்க்கு என் குடும்பத்தில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். என் அத்தைக்கு முடக்குவாதம். பல ஆண்டுகள் ஒரு சிறிய வெள்ளை மாத்திரையைச் சாப்பிட்டு வந்தார். அது ஸ்டீராய்டு என்பது அவருக்கும் எங்களுக்கும் தெரியாது. வலி குறைந்தது, அது போதுமாக இருந்தது. பின்னர்ச் சர்க்கரை கூடியது, பார்வை மங்கியது. கண் பரிசோதனைக்குப் போன இடத்தில் தமிழில் ஒரு சீட்டு எழுதித் தந்தார்கள்: சர்க்கரை நோயுடன் கூடிய கண்புரை. தமிழில் எழுதித் தந்ததற்காக அந்த மருத்துவமனையை நான் இன்றும் மனத்துள் பாராட்டுகிறேன். ஆனால் அத்தை அச்சீட்டைப் படித்து என்ன செய்தார்? காப்பியில் சர்க்கரையை நிறுத்தினார், சோற்றைக் குறைத்தார், வெள்ளை மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டார். வாக்கியத்தில் மாத்திரை இல்லையே. ஓராண்டுக்குப் பின் மூட்டுநோய் மருத்துவர் ஒருவர் பழைய சீட்டுகளையெல்லாம் பரப்பி வைத்துப் பார்த்து, நீரிழிவு மாத்திரையால் வந்தது, புரையும் அதனாலேயே வந்திருக்கக்கூடும் என்றார். உடனே நிறுத்தவும் சொல்லவில்லை. நெடுநாள் உண்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஊறாகலாம் என்பதால் சிறுகச் சிறுகக் குறைத்தார். அத்தை அதனையும் அறிந்திருக்கவில்லை. யாரேனும் அரைகுறையாகச் சொல்லியிருந்தால் அன்றே நிறுத்தியிருப்பார்.

அச்சீட்டை எழுதியவர் பொய் எழுதவில்லை. ‘உடன்’ என்று எழுதினார். ஆங்கிலக் குறிப்பில் இருந்ததை அப்படியே தமிழாக்கியிருக்கலாம். தமிழில் அச்சொல் எதைச் சொல்கிறது என்பதுதான் கேள்வி. ஒருவினைப் பொருளில் வரும் ஒடு, உயர்ந்ததன் பின்னரே வரும் என்று தொல்காப்பியம் வேற்றுமை மயங்கியலில் விதிக்கிறது. ‘அமைச்சரோடு அலுவலர்கள் வந்தனர்’ என்பதுதான் இன்றும் நம் வழக்கு, மாற்றிச் சொன்னால் காது ஏற்பதில்லை. இவ்விதிப்படி ‘சர்க்கரை நோயுடன் கூடிய கண்புரை’ என்னும் தொடரில் சர்க்கரை நோய் உயர்ந்த இடத்தைப் பெறுகிறது. ஆங்கிலத் தலைப்பில் உருபு கண் நோயின்மீது ஏறுகிறது. அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘கண்புரையுடன் கூடிய சர்க்கரை நோய்’ என்றாகி, தமிழ் மனம் புரையைத் தலைமையாக எண்ணத் தூண்டும். இவ்விரு வடிவங்களும் கையேடுகளில் வேறுபாடின்றி ஆளப்படுவதை நான் கண்டிருக்கிறேன். இரண்டில் எதுவும் ‘ஆல்’ ஆகாது என்பதும், மருந்தை இரண்டுமே வெளியே நிறுத்திவிடுகின்றன என்பதும் அவற்றை எழுதுவோர் கவனத்துக்கு வருவதில்லை.

மருந்து என்னும் சொல்லும் இவ்விடத்தில் சற்று நிறுத்திப் பார்க்கத் தக்கது. ஈ09இன்கீழ் முதலில் நிற்கும் அறிவுறுத்தல், நஞ்சேற்றம் என்றால் அக்குறியீட்டை முன்னே வை, பக்கவிளைவு என்றால் மருந்தின் குறியீட்டைப் பின்னே வை என்பது. உரிய மருந்தை உரிய அளவில், உரிய முறையில் உண்டும் தீங்கு வந்தால் அது பக்கவிளைவு. தவறான மருந்து, மிகையான அளவு, தவறான வழி என்றால் நஞ்சேற்றம். டி38.0 வரிசையில் 1 தற்செயல் நஞ்சேற்றம், 2 தன்னைத்தானே மாய்க்கும் நோக்கம், 3 பிறர் தாக்குதல், 4 உறுதிசெய்ய இயலாதது, 5 பக்கவிளைவு, 6 குறைவாக உட்கொண்டது. ஒரே பொருள், ஆறு உறவுகள். தமிழிலோ மருந்து என்னும் பெயர் இவையனைத்தையும் தாங்கும். பூச்சிமருந்து, எலிமருந்து, வெடிமருந்து எனக் கொல்வனவற்றுக்கும் அதே பெயர்தான். ஊர்ப்புறத்தில் ‘மருந்து சாப்பிட்டான்’ என்றால் நோயாளி; ‘மருந்தக் குடிச்சிட்டான்’ என்றால் ஊரே ஓடும். ‘மருந்து வச்சிட்டாங்க’ என்றால் வேறொரு கதை. குறியீட்டு நூல் ஆறாம் இடத்து எண்ணால் காட்டும் வேறுபாட்டைத் தமிழ் பேசுவோர் வினைச்சொல்லால் காட்டுகின்றனர். இது சொல்வளக்குறை அன்று. வேறுபாட்டைச் சுமக்கும் உறுப்பு வேறு, அவ்வளவே. பெயர்ச்சொற்களை மட்டும் அட்டவணையிடும் கலைச்சொல் அகராதியில் இந்த வினைவழி வேறுபாட்டுக்கு இடமே இல்லை என்பது கருதத்தக்கது. திருக்குறளின் மருந்து அதிகாரம் மருந்துப்பொருள் ஒன்றையும் பெயர்சுட்டாமல் உண்ணும் அளவையும் பசியையுமே பேசுகிறது என்பதும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. ஸ்டீராய்டைப் பொறுத்தவரை அளவும் காலமும்தான் எல்லாம்.

கண் என்னும் சொல்லிலும் இதைப்போல ஒன்று உண்டு. தமிழில் ‘கண் தெரியவில்லை’, ‘கால் வலிக்கிறது’ என்று இரட்டை உறுப்புகளை ஒருமையில் சொல்வதே இயல்பு. எந்தக் கண் என்று கேட்டால்தான் பக்கம் வரும். ஏழாம் இடத்து எண்ணில் 9 விழுவதற்கு இத்தகைய பேச்சும் ஒரு காரணமாகலாம் என்று நினைக்கிறேன். ஆனால் அமெரிக்கப் பதிவேடுகளிலும் 9 விழுகிறது என்று அறைத்தோழி என்னைத் திருத்தினாள்.

எதிர்வாதங்கள் இரண்டைக் கருத வேண்டும். குறியீட்டுப் பணி ஆங்கிலத்தில், அமெரிக்கர்க்காக நடப்பது. தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை என்பது முதலாவது. பணி ஆங்கிலத்தில் நடக்கிறது, உண்மை. ஆனால் ‘வித்’துக்குக் காரணப்பொருள் கொள்ளும் பழக்கம் அதில் பயின்றவர்களோடு நின்றுவிடுவதில்லை. ஆங்கிலத்தில் வரும் மென்பொருள்களும் படிவங்களும் இங்குள்ள மருத்துவமனைகளிலும் புழங்குகின்றன. அவற்றிலிருந்து தமிழ்ச்சீட்டு பிறக்கிறது. அன்றியும், 2024 ஜனவரியில் பதினொன்றாம் பன்னாட்டு வகைப்பாட்டின் பாரம்பரிய மருத்துவப் பிரிவுக்குரிய இரண்டாம் தொகுதி புதுதில்லியில் வெளியிடப்பட்டது. ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றோடு சித்த மருத்துவமும் அதில் இடம்பெறுகிறது. தமிழ்ச் சுவடிகளில் வழங்கிய நோய்ப்பெயர்கள் குறியீட்டெண் பெறும் காலம் இது. அச்சுவடிகளில் ஒரு நோய் ‘மேகத்தால்’ வந்தது என்பதற்கும் ‘மேகத்தோடு’ வந்தது என்பதற்கும் வேறுபாடு காண வல்லவர் யார்? அது நம் வேலை அன்று என்றால், வேறு எது நம் வேலை என்று எனக்கு விளங்கவில்லை.

இரண்டாவது வாதம், நோயாளிக்கு எளிய தமிழ் போதும், இலக்கண நுணுக்கம் சுமையாகும் என்பது. ‘ஆல்’, ‘ஓடு’, ‘உம்’ ஆகியவற்றை விட எளிய தமிழ் எது? அத்தை எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ‘மாத்திரையால்’ என்று எழுதியிருந்தால் புரிந்துகொண்டிருப்பார். யாழ்ப்பாணத்துக்கு 1847இல் வந்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீனை நம் ஆய்வுகள் சொல்லாக்க முன்னோடியாகவே போற்றுகின்றன. 1872இல் வெளிவந்த மனுஷ அங்காதிபாதம் போன்ற நூல்களில் அவர் எந்தப் பெயருக்கு எந்தச் சொல்லைப் படைத்தார் என்று பட்டியலிடுகிறோம். வகுப்பறையில் மாணவர்க்கு நோயை விளக்கியவர் பெயர்ப்பட்டியலை வாசித்திருக்க முடியாது. முழு வாக்கியங்களையே அமைத்திருக்க வேண்டும். அவ்வாக்கியங்களில் காரணம் எந்த உருபால் சொல்லப்பட்டது என்பதை ஒருவர் முனைவர்ப்பட்டத்துக்கே ஆராயலாம்.

மருத்துவத் தமிழ் எழுதுவோர்க்கு நான் முன்வைப்பது சிறிய அளவிலானது. ‘உடன் கூடிய’ என்னும் தொடரை நோய்களுக்கிடையே ஆள்வதைக் கைவிடலாம். மருத்துவர் காரணத்தை உறுதியாகச் சொல்லும்போது ‘ஆல்’ வெளிப்பட நிற்கட்டும்: ஸ்டீராய்டு மாத்திரையால் விளைந்த நீரிழிவு, அந்நீரிழிவால் விளைந்த விழித்திரை நோய். இரண்டு ‘ஆல்’ அடுத்தடுத்து வருவது நடைக்கு அழகன்று, இருக்கட்டும். இரு நோய்கள் உள்ளன என்பது மட்டுமே தெரியும்போது எண்ணும்மை போதும்: நீரிழிவும் கண்புரையும் உள்ளன. உம்மை இரண்டையும் ஒப்ப நிறுத்தும், எதையும் எதற்கும் காரணமாக்காது. காரணம் சொல்லப்படாமல் விதியால் ஏற்றப்படுகிற இடங்களுக்கு உரையாசிரியர்களின் ‘எனக் கொள்க’ என்னும் வாய்பாடு நமக்குக் கைவசம் இருக்கிறது: நீரிழிவால் விளைந்ததாகக் கொள்ளப்படும் கண்புரை. உரையாசிரியர் அப்படி எழுதும்போது அது மூலத்தின் கூற்றன்று, தம் கூற்று என்பதை வெளிப்படையாக்குகிறார். ‘வித்’ என்னும் ஆங்கிலச் சொல்லில் இல்லாத நேர்மை அது.

இம்மூன்றையும் எழுதி, இப்போது வேலையில் சேர்ந்துவிட்ட அறைத்தோழிக்கு அனுப்பினேன். முதலிரண்டை ஏற்றுக்கொண்டாள். மூன்றாவதில் மறுப்பு எழுப்பினாள்: கொள்ளப்படும் என்றால் யாரால்? மருத்துவர் கொள்ளவில்லை, நோயாளி கொள்ளவில்லை, நானும் கொள்ளவில்லை, புத்தகம் கொள்கிறது. செயப்பாட்டுவினையில் வினைமுதல் மறைந்துபோவதை இலக்கணம் படிக்காத அவள் எனக்குச் சுட்டிக்காட்டினாள். அவள் சொன்னது சரி. ‘விதிப்படி’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் குறியீட்டுத் தாளுக்கு அது பொருந்தும். நோயாளியின் கையில் தரும் சீட்டுக்குப் பொருந்தாது. அங்கே அந்த விதிக்கும் இடமில்லை, புத்தகத்துக்கும் இடமில்லை. ‘காரணம் இன்னும் உறுதிசெய்யப்படவில்லை’ என்று எழுதலாம் என்றேன். அத்தையின் பழைய சீட்டை எடுத்துப் பார்த்தேன். கண்புரை என்னும் சொல்லுக்குப் பின் பாதி வரி வெறுமையாக இருந்தது.